கூடம் கோணல்

மாடியில் மெஷின் ஓடினால் கீழே சமையலறையில் தம்ளர் நடக்கும்.

செல்லம்மாள் முதலில் எலி என்றுதான் நினைத்தாள். அலமாரித் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு வந்து, அவள் கருவாடு அலசிக்கொண்டிருந்த சட்டிக்குள் விழுந்தபோது எலியைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஆனால் எந்த எலியும் இப்படி ஷிஃப்ட் பார்த்து வேலைக்கு வராது. மகள் மதிவதனி மேலே தையலை நிறுத்தினால் தம்ளரும் நின்றது. அவள் ஆரம்பித்தால் அதுவும் கிளம்பியது. செல்லம்மாள் அண்ணாந்து பார்த்தாள். பைன் கட்டை உத்திரங்கள் நான்கும் போட்ட இடத்தில்தான் இருந்தன. இருந்தாலும் மனசுக்கு என்னவோ போலிருந்தது.

"மதீ! மெதுவா ஓட்டுமே. வூடே ஆடுது."

"மெதுவா ஓட்டுனா எப்பம்மா முடிக்கிறது? நீ தம்ளர எடுத்துக் கீழ வை."

"தம்ளர கீழ வெச்சா வூடு ஆடாதா?"

மேலிருந்து மெஷின் சத்தம்தான் வந்தது.

மதிவதனியைக் குறை சொல்லவும் முடியாது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டும் லைனில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நின்றவள். போன பங்குனியில் ஒருநாள் விடிகாலை கம்பெனி பஸ்ஸுக்காகக் கூட்டு ரோட்டில் காத்திருந்தாள். பஸ் வரவில்லை, செல்லில் மெசேஜ்தான் வந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் யாரும் இனி வரவேண்டாமாம். அதே லைனில் நின்ற வேல்விழியும் பக்கத்திலேயே நின்று அதே மெசேஜைப் படித்தாள். இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து பஸ் ஸ்டாப்பிலேயே சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். அதன்பிறகு அலைந்து திரிந்து, கார் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கைப் பிடித்தாள் மதிவதனி. வேல்விழியும் லைனில் கூட நின்ற இன்னும் நாலு பேரும் தைக்க வந்தார்கள். ரெக்ஸின் தைக்கிற மெஷின் சாதாரணத் தையல் மெஷின் இல்லை. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் இடுப்பு விட்டுப்போகும். அப்படி ஆறு மெஷினை மாடியில் ஏற்றியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சீட் கம்பெனியிலிருந்து சிவசங்கர் என்கிற குவாலிட்டி ஆள் வருவார். எல்லா மெஷினையும் ஒன்றாக ஓடவிட்டு, தையலைப் பார்த்து, சரி என்றால் வேலை இவர்களுக்கு. இல்லையென்றால் படப்பையில் ஒருத்தர் தயாராக இருக்கிறார். அவரிடம் போய்விடும்.

தையல் சரியாக வரவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு மெஷின் ஓடினால் கோடு நேராக வந்தது. இரண்டு ஓடினால் லேசாக நெளிந்தது. நாலைந்து சேர்ந்து ஓடினால் தளமே ஒரு துள்ளு துள்ளி, ஊசி ஒடிந்து தெறித்தது. மெஷின் காலுக்கடியில் பழைய டயரை வெட்டி வைத்துப் பார்த்தாள் மதிவதனி. அதற்குப் பிறகு மெஷின் தனியாக ஆடியது, தளம் தனியாக ஆடியது.

"எனக்கு இன்னாவோ தளந்தான் ஆடுதுன்னு தோணுது வேலு," என்றாள் ஒருநாள்.

வேல்விழி ஒடிந்த ஊசியைத் தேடிக் குனிந்திருந்தாள். "சொல்லாத. வர்ற குவாலிட்டி ஆளுகிட்ட இத்த சொன்னியானா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சிரிச்சிட்டுப் பூடுவாரு."

கூடம் கோணலாகவே இருந்தால் ஆடுகிறவள் என்னதான் செய்வாள்? அதற்குப் பழமொழி ஒன்றும் இல்லை.

இந்த மாடி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மதிவதனியின் அப்பா சுப்பன் பாதி ஆயுசுக்கு மேல் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, இறுகிய பிறகு பலகையைக் கழற்றிக்கொண்டு போகிற வேலை. ஒரகடம் ரோட்டில் பாதிக் கட்டடம் அவன் முட்டில் நின்று எழுந்ததுதான். ஊருக்கெல்லாம் தளம் போட்டவன் மண்ணூரில் ஏரியை ஒட்டிய தன் வீட்டில் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தான். மேலே தளம் போட ஆசை இல்லாமலில்லை. சுவர்தான் இடம் கொடுக்கவில்லை. மண்சாந்தில் கட்டிய பழைய சுவர். முழுக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் வெடித்துவிடும் என்று வந்து பார்த்த மேஸ்திரிகளெல்லாம் கையை விரித்தார்கள்.

மகளைக் கட்டிய சக்திகுமார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. ஒரு கம்பெனியில் ஸ்டோரில் வேலை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்து இறங்கும் பெரிய பெரிய பெட்டிகளுக்கு அடியில் தடித்த பைன் கட்டைகள் வரும். ஸ்க்ராப் எடுக்கிறவரிடம் சொல்லிவைத்து, அதில் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். அதை வைத்துத் தளத்துக்கு வழி சொன்னவன் இனியவன். செல்லம்மாளின் அண்ணன் மகன், சிவில் படித்துவிட்டு சைட் இன்ஜினியராக இருக்கிறான்.

"மாமா, இது வேற மாதிரி தளம்," என்றான் இனியவன் அன்றைக்கு. "நீ போடற தளத்துல கான்கிரீட் காஞ்சதும் பலகைய கழட்டிடுவ. இதுல மரம் அங்கியே இருக்கும். உத்திரத்து மேல பலக, பலக மேல மெல்லிசா கான்கிரீட். மரமும் கான்கிரீட்டும் ஒண்ணா சேந்து கனத்தத் தாங்கணும். அப்போ வெயிட்டும் கம்மி, செவுரும் தாங்கும்."

"மரத்து மேலதான ஊத்தப் போறம். அது பாட்டுக்கு ஒக்காந்துகினு போவுது."

"ஒக்காந்தா பத்தாது மாமா."

இனியவன் வாசலில் கிடந்த செருப்பு ஜோடியை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். இரண்டு முனையையும் பிடித்து வளைத்தான். "பாரு. மேல கீற செருப்பு கீழ கீற செருப்பு மேல நழுவுதா? ரெண்டும் தனித்தனியா வளையுது. இதுவே ரெண்டையும் சேத்து ஆணி அடிச்சிட்டா ஒரே தடி செருப்பா பூடும், சுலுவா வளையாது. அந்த ஆணிதான் நம்ம ஸ்க்ரூ. பாதி மரத்துக்குள்ள, பாதி கான்கிரீட்டுக்குள்ள நிக்கணும்."

"அது என் செருப்புடா. கீழ வை," என்றாள் செல்லம்மாள்.

"இன்னும் ஒண்ணு பாரு மாமா. அதிகமா எங்க நழுவுது? நடுவுல இல்ல, நுனியில. அதனால செவுத்தோரமா நெருக்கி வைக்கிறேன். நடுவுல தள்ளித் தள்ளி இருந்தா போதும்."

சுப்பன் தலையை ஆட்டிவைத்தான். மனசுக்குள் ஏறவில்லை. தளம் தொங்குவது நடுவில். முட்டுக் கொடுப்பது நடுவில். கடைசியாகப் பிரிப்பதும் நடு முட்டைத்தான். ஓரம் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கென்ன கேடு வரும்? படித்த பிள்ளை என்னவோ சொல்கிறான் என்று விட்டுவிட்டான்.

உத்திரம் ஏற்றிப் பலகை அடித்த அன்று சாயந்திரம் இனியவன் வந்து பார்த்தபோது, சுப்பன் ஒரு டப்பாவில் கருப்பு எண்ணெயும் கையில் பிரஷ்ஷுமாக மேலே குந்தியிருந்தான். லாரி ஷெட்டில் வாங்கிவந்த கழிவு எண்ணெய்.

"மாமா, இன்னா பண்ற?"

"எண்ண தடவுறன். தடவலன்னா கான்கிரீட்டு மரத்துல ஒட்டிக்குமே."

"ஒட்டணும் மாமா! ஒட்டணுன்னுதான இவ்ளோ பாடு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று செல்லம்மாள் சொன்னாள். சுப்பனும் சேர்ந்து சிரித்துக்கொண்டு டப்பாவை மூடினான். ஒரு பழக்கத்தைப் பிடித்து நிறுத்தியாயிற்று என்று இனியவன் நிம்மதியாக வீட்டுக்குப் போனான். ஆனால் சுப்பனிடம் இன்னொரு பழக்கம் இருந்தது.

நின்ற ஆணியை அவனால் பார்க்க முடியாது. பலகையில் ஆணி தலை தூக்கி நின்றால் பிடுங்குவான், இல்லையென்றால் அடித்து மடக்குவான். எல்லா சென்ட்ரிங்காரரும் செய்வதுதான். ஆனால் சுப்பனுக்கு அதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. மதிவதனி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது படப்பைப் பக்கம் ஒரு பிளாட் வேலை. சுப்பன் பலகை கழற்றினான், செல்லம்மாள் சித்தாள். அவன் கழற்றிப் போட்ட பலகையில் நின்ற ஆணி அவள் இடது காலில் ஏறியது. மஞ்சளைச் சுட்டு வைத்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். அது சீழ் வைத்துப் பரவி, கடைசியில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இடது காலில் செருப்பு நிற்பதில்லை. வாரைப் பிடிக்க விரல் இல்லையே. கயிறு கட்டித்தான் போட்டுக்கொள்வாள். அந்தப் பலகை யார் போட்டது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அந்தக் காலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கான்கிரீட் போட்டது தை மாசம், நல்ல முகூர்த்த நாள். வருகிறேன் என்ற சித்தாள்கள் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். இனியவனுக்கும் அவன் சைட்டில் அன்றைக்கே வேலை. கலவை மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. கலவை யாருக்காகவும் காத்திருக்காது. செல்லம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கலவை நிறைத்த இரும்புப் பாண்டைத் தலையில் ஏற்றிவிட்டாள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆனவள். ஈரக் கலவையில் கயிற்றுச் செருப்பு வழுக்கும் என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ரோட்டுப் பக்கச் சுவரோரம் கட்டியிருந்த சாரத்தில் வெறுங்காலோடு ஏறினாள்.

மேலே நின்ற சுப்பன் பார்த்தான். சாரம் வந்து முட்டுகிற அதே சுவரோரத்தில்தான் இனியவன் ஸ்க்ரூவைச் சீப்புப் பல்லாக நெருக்கி வைத்திருந்தான். எல்லாம் தலை தூக்கி நின்றன.

சக்திகுமாரின் டிரில் மெஷின் பக்கத்திலேயே கிடந்தது. கம்பி வலைக்கு நடுவே அதை விட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவாக உள்ளே முடுக்கினான். ஸ்க்ரூ பலகையோடு பலகையாக அமிழ்ந்துபோனது. ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நடுவில் இருந்தவற்றைத் தொடவில்லை. நடுதானே முக்கியம்? ஓரம்தானே, மேலே மகளும் மாப்பிள்ளையும் பாய் விரித்துப் படுக்கப்போகிற இடம்தானே என்று நினைத்துக்கொண்டான். அதற்குள் செல்லம்மாள் முதல் பாண்டோடு மேலே வந்து, "எங்க கொட்ட?" என்று கேட்டாள்.

பாய் விரித்துப் படுத்தவரைக்கும் தளம் வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் மெஷின் ஏறியது. முதல் நாள் மெஷின் ஓடி, தம்ளர் கருவாட்டுச் சட்டியில் விழுந்தபோதே சுப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. எனக்கு இந்த இடத்தில் அவன்மேல் கோபந்தான் வருகிறது. ஏனென்றால் அவன் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் பழி சக்திகுமார் தலையில் விழுந்தது.

"எல்லாம் அந்த பொட்டி மரந்தான்," என்றாள் மதிவதனி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது. "வேணாம்னு குப்பையில போடறத வூட்டுக்குத் தூக்கிகினு வந்த. தேக்கு போட்டிருந்தா ஆடுமா?"

சக்திகுமார் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் இருந்தான். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அந்த மரத்து மேலதான் பத்து டன் மெஷின் கப்பல்ல வந்துது. ஆறு தையல் மெஷினத் தாங்காதா?"

"தாங்குனா ஏன் ஆடுது?"

"ஒன் மாமன் மவன் போட்ட கணக்கக் கேளு. என்னை இன்னாத்துக்குக் கேக்கற?"

"அவனையும்தான் கேட்டேன். கணக்கு சரியாத்தான் இருக்குன்றான். கணக்கு சரி, மரம் சரி, மெஷின் சரி. அப்போ நான்தான் சரியில்லயா?"

"நான் அப்டிச் சொன்னேனா?"

"மாப்ளைய வுடும்மா," என்றான் சுப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே. "மரம் நல்ல மரந்தான்."

"நீ சும்மா இருப்பா. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்காம ஏத்திட்ட. எனக்கு வெள்ளிக்கிழம ஆளு வர்றாரு."

சக்திகுமார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனான். சுப்பனும் எழுந்திருக்கப் பார்த்தான். கால் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் மதியம் யாரோ ஒருவரின் மினி லாரியில் சவுக்கு முட்டு வந்து இறங்கியது. செல்லம்மாள் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தபோதே சுப்பன் சமையலறைக்குள் முட்டு நட ஆரம்பித்தான். உத்திரத்துக்கு அடியில் ஒன்று, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒன்று, கூடத்தில் டிவிக்கு முன்னால் ஒன்று.

"யோவ், குடி வந்த வூட்டுல எவனாவது முட்டு நடுவானாய்யா? ஊருல பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"கொஞ்ச நாளுக்குத்தான்."

"சென்ட்ரிங்காரன் வூட்டுல முட்டு பிரிக்கலன்னு சொல்லிச் சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும்மே. சிரிச்சா வூடு வுழாது."

"வூடு வுழுமா?" செல்லம்மாள் கரண்டியோடு திரும்பினாள். "இன்னாய்யா சொல்ற நீ?"

"ஒண்ணும் இல்ல. தம்ளர் நடக்குதுன்னு சொன்னியே. அதுக்குத்தான்."

முட்டுக் கொடுத்ததும் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் சவுக்கு ஏறி நின்ற இடம் பழைய மண் தரை. இரண்டு நாளில் முட்டின் அடி தரைக்குள் இறங்கி, மேலே உத்திரத்துக்கும் முட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சுப்பன் காலையும் மாலையும் குனிந்து அடியில் ஆப்பு அடித்துக்கொண்டே இருந்தான். அவனைப் பார்த்தால் ஏதோ வியாதிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி இருந்தது. தூக்கம் இல்லை, வேலைக்கும் போகவில்லை. வானம் வேறு மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் புழுங்கித் தொலைத்தது.

புதன்கிழமை மதியம் இனியவன் வந்தான். மதிவதனி போனில் பேசிய பேச்சு அவனைச் சும்மா இருக்கவிடவில்லை. சைட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, நூல் கட்டி, உத்திரத்தின் தொங்கலை அளந்தான். மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தான். கீழே வந்து, நூலைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தான்.

"எனக்குப் புரியல மாமா. நான் போட்டது தப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு. என் சார்கிட்டயும் காட்டினேன். அவரும் சரின்னுதான் சொல்றாரு. ஆனா தளம் சரி இல்லன்னு சொல்லுதே."

"மொதல்ல சாப்புடு," என்றாள் செல்லம்மாள்.

சக்திகுமாருக்கு அன்று வாராந்திர லீவு. மதிவதனியும் கீழே வந்தாள். முட்டுகளுக்கு நடுவில் இடம் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு. இனியவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அண்ணன் மகன் இப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் செல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவனைத் தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னாள்.

"ஏன்டா தளத்தையே குத்தம் சொல்லிகினு கீற? ராசியான தளம்டா அது. ஊத்துன அன்னிக்கி எத்தினி நட ஏறி எறங்கியிருப்பன்? வெறுங்காலு. அவ்ளோ ஸ்க்ரூ வெச்சிருந்தியே, ஒண்ணு, ஒரே ஒண்ணு என் காலுல பட்டிருக்குமா? புள்ளையாரு காப்பாத்துனாரு."

இனியவன் பிசைவதை நிறுத்தினான்.

"எந்தப் பக்கமா ஏறுன அத்த?"

"ரோட்டுப் பக்கம். சாரம் அங்கதான கட்டியிருந்துது."

"ரோட்டுப் பக்கச் செவுத்தோரமாவா?"

"ஆமான்டா. அங்கதான் கொட்டிக் கொட்டித் திரும்புவன்."

"அங்க கால் வைக்க எடமே இல்ல அத்த. என் கையால வெச்சேன். நடுவுல பாதம் நுழையாது."

செல்லம்மாள் புரியாமல் அவனைப் பார்த்தாள். இனியவன் அவளைப் பார்க்கவில்லை, சுப்பனைப் பார்த்தான். சுப்பன் கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தான்.

"நான்தான் எறக்கிட்டன்," என்றான்.

"எத மாமா?"

"ஸ்க்ரூவ. அந்த ஓரம் பூரா. இவ வெறுங்காலோட ஏறிகினு வந்தா. நின்னுகினு இருந்துது எல்லாம். டிரில்ல வெச்சி உள்ள எறக்கிட்டன். ஓரந்தானன்னு நெனச்சன்."

 தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, அதன் பீப் பீப் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" மதிவதனிதான் முதலில் கேட்டாள். "இதாலதான் ஆடுதுன்னு எப்பத் தெரியும்?"

"மெஷின் ஓடுன மொத நாளே."

"இவர நான் இன்னா இன்னா பேசுனேன்? குப்ப மரம்னேன். பக்கத்துல ஒக்காந்து கேட்டுகினுதான இருந்த?"

 சக்திகுமார், "வுடு மதி," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அது சுப்பனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

செல்லம்மாள் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் காலுக்காவயா?" என்றாள். "யோவ், என் காலுக்காவயா? 'ஏமே, அந்தப் பக்கம் ஏறாத, ஸ்க்ரூ நிக்குது'ன்னு ஒரு வார்த்த சொன்னா நான் வேற பக்கம் ஏறியிருக்க மாட்டனா? அந்த ஒரு வார்த்த வரலியா ஒன் வாயில?"

"வரல," என்றான் சுப்பன்.

"அந்தப் பலக நீ போட்டதுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கேட்டனா? இத்தினி வருசத்துல ஒருநாளு கேட்டனா? கேட்டுத் தொலச்சிருக்கணும். கேட்டிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். கேக்காம வுட்டதுதான் என் பொண்ணு பொழப்புல வந்து நிக்குது."

அவள் அழவில்லை. எழுந்து, எல்லோருடைய தட்டிலும் குழம்பு ஆறிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

இனியவன் மெதுவாகச் சொன்னான். "மதி, மெஷின இன்னிக்கே எறக்கிடலாம். மேல ஆளும் மெஷினும் துணிக்கட்டும் சேந்து இருக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழம வரைக்கும்? ரெண்டே நாளு இனியா."

"ஒரு நாளுகூட வேணாம். கீழ அத்த இருக்காங்க."

மதிவதனி எழுந்து மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷினிலிருந்து நூல் கண்டுகளைக் கழற்றும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை சிவசங்கர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடத்தில் முட்டுகளுக்கு நடுவே இரண்டு மெஷின்தான் வைக்க முடிந்தது. மற்றவை வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. மதிவதனியும் வேல்விழியும் தைத்துக் காட்டினார்கள். மனிதர் நல்லவர். துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"தையல்ல ஒரு குறையும் சொல்ல மாட்டேம்மா. ஆனா எடம்? வூட்டுக்குள்ள இத்தினி முட்டு நிக்குது. நான் இன்னான்னு எழுதறது?"

"ஒரு மாசம் டைம் குடுங்க சார். தளத்த சரி பண்ணிடறோம்."

"வண்டி லைன் ஒரு மாசம் நிக்காதேம்மா," என்றார் அவர். நியாயமான பேச்சுதான். அவர் போன பிறகு வேல்விழி தன் கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு, "மறுபடி ஆரம்பிச்சா கூப்புடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலை படப்பைக்குப் போய்விட்டது. பத்து நாள் கழித்து மதிவதனி வேறொரு காண்ட்ராக்டர் மூலம் வேறொரு லைனுக்குப் போக ஆரம்பித்தாள். கூட்டு ரோட்டில் அதே இடத்தில் நின்றாள். பஸ்ஸின் நிறம்தான் வேறு.

அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள். பேச்சு மட்டும் இல்லை. சக்திகுமாரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் அவன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள், வழக்கமாக அவனே போட்டுக்கொள்வான்.

தளத்தை உடைக்காமல் சரிசெய்ய வழி இருந்தது. இனியவன் சொன்னபடி முதலில் தரையில் பலகை போட்டு, இரும்பு ஜாக்கி முட்டு வைத்து, தொங்கிய உத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். பிறகு மேலிருந்து கான்கிரீட்டில் ஓட்டை போட்டு, அது மரத்துக்குள் போகும்வரை இறக்கி, ஓட்டையில் பசை ஊற்றி, நீளமான தடித்த ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அந்தச் சுவரோரம் முழுக்க, நெருக்கமாக. ஸ்க்ரூவின் தலையும் வாஷரும் தளத்துக்கு மேலே நிற்கும். டைல்ஸ் போடுகிறவரைக்கும் அப்படியேதான் நிற்க வேண்டும், யாரும் தட்டக்கூடாது என்று இனியவன் இரண்டு தடவை சொன்னான். சுப்பனைப் பார்த்துத்தான் சொன்னான்.

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை. மதிவதனிக்கு லீவு. சுப்பன் டிரில்லைப் பிடித்து ஓட்டை போட்டான். சக்திகுமார் தூசியை ஊதி எடுத்தான். மதிவதனி பசைத் துப்பாக்கியை ஓட்டைக்குள் விட்டு அழுத்தினாள். பிறகு ஸ்க்ரூவை எடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவன் கைக்கு நீட்டினாள். அவன் வாங்கி முடுக்கினான். காலையிலிருந்து இப்படியே போனது. சிமெண்ட் தூசியில் மூன்று பேரும் வெளுத்துப்போயிருந்தார்கள். ரோட்டுப் பக்கம் ஓரம் முழுக்க ஸ்க்ரூ தலைகள் வரிசையாக எழுந்து நின்றன.

படிக்கட்டில் டொக் டொக்கென்று கனமான சத்தம் கேட்டது. சுப்பன் திரும்பிப் பார்த்தான். செல்லம்மாள் தட்டில் டீத் தம்ளர்களை வைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். நேராக அந்த ஓரத்துக்குத்தான் வந்தாள்.

சுப்பன் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, அவள் நடக்கிற வழிக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் அவசரமாகக் கையை நீட்டினான். "ஏமே, அங்கியே நில்லு, நான் வந்து வாங்கிக்கறன். ஸ்க்ரூ நிக்குது பாரு."

வாயைத் திறந்து சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செல்லம்மாள் நிற்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். காலில் மாப்பிள்ளையின் பழைய கம்பெனி ஷூ. முன்பக்கம் இரும்பு வைத்தது, விரல் இல்லாத இடத்தில் துணி திணித்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"நீ ஸ்க்ரூவப் பாரு," என்றாள். "என் கால நான் பாத்துக்கறன்."

டொக் டொக்கென்று ஸ்க்ரூ தலைகளுக்கு நடுவே நடந்து வந்து, தட்டைத் தளத்தில் வைத்தாள். மதிவதனி ஒரு தம்ளரை எடுத்தாள். பசையும் தூசியும் அப்பிய கையோடு சுப்பன் அப்படியே குந்தியிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "டீ ஆறிடும். குடிச்சிட்டு அடுத்தத முடுக்கு."